மூடிக்காரரின் கட்டைவிரல்

மூடியைத் தொட்டிமேல் வைத்த பிறகும் மூடிக்காரர் அதை விட்டு நகர மாட்டார். கட்டைவிரலால் ஒரு மூலையை அழுத்துவார். காதைச் சாய்த்துக் கேட்பார். பிறகு அடுத்த மூலை. நாலு மூலையும் முடிந்த பிறகுதான் வீட்டுக்காரர் வைத்த தேநீரை எடுப்பார். அதற்குள் அது ஆறி ஆடை கட்டியிருக்கும். "சூடு பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டால், "வேணாங்க, மூடி ஆடலை. அது போதும்" என்பார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இருக்காது. அவர் பேச்சு அப்படித்தான்.

அவர் என் தங்கையின் புருஷன். ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவதுதான் தொழில். வீட்டில் மீன் வளர்க்கிறவர்களுக்குத் தொட்டிக்கு ஏற்றபடி மூடி செய்துகொடுக்கப்போய், இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த வீட்டில் இருக்கும் நானும் அப்படியே கூப்பிடுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டார்.

காலித் தொட்டியை அளக்கச் சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுவார். "தண்ணி ஊத்திட்டுக் கூப்பிடுங்க. தண்ணி ஏறினா தொட்டி வயித்தைத் தள்ளும். இப்ப அளந்தா அப்புறம் மூடி சண்டை போடும்." தண்ணீர் ஊற்றிவிட்டுக் கூப்பிட்டாலும் உடனே நாடாவை எடுக்க மாட்டார். "உள்ள யாரு குடியிருக்காங்க?" என்பார்.

"மீனுதான், வேற யாரு?"

"குதிக்கிற ரகமா, அடியில படுத்துக் கிடக்கிற ரகமா? குடித்தனக்காரங்க யாருன்னு தெரியாம எப்படிங்க கதவு போடுறது?"

வீட்டின் பின்னறைதான் பட்டறை. மேசைமேல் பழைய கம்பளி, அதன்மேல் கண்ணாடி. அறுப்பானால் ஒரே இழுப்பு இழுத்து, கீழிருந்து மெல்லத் தட்டுவார். கோடு போட்ட இடத்தில் பிஸ்கட் மாதிரி உடையும். குழாய் போக ஒரு வெட்டு, ஒயர் போக ஒரு வெட்டு. விளிம்பைத் தண்ணீர் விட்டுக் கல்லில் தேய்த்துத் தேய்த்து மழுக்கிய பிறகு, முழங்கையின் உட்புறத்தில் இழுத்துப் பார்ப்பார். அங்கே தோல் மெல்லிசு, பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அந்த இடம் முழுக்கக் கீறல். என் தங்கை மருந்து தடவிக்கொண்டே திட்டுவாள்: "ஊரார் விரலைக் காப்பாத்த உங்க கைதானா கிடைச்சுது?"

இப்போது அவள் திட்டுவதில்லை. நடமாடிக்கொண்டிருந்தவள் ஒருநாள் சமையலறையில் சரிந்தாள். எழுந்தபோது வலது பக்கம் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. பேச்சும் போய்விட்டது. 'ஆமா' என்ற ஒரு சொல் மட்டும் தங்கியது. பசித்தாலும் ஆமா, பசிக்காவிட்டாலும் ஆமா. மூடிக்காரர் அதையும் விட்டுவைக்கவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் கேக்க ஆசைப்பட்ட வார்த்தை இது ஒண்ணுதான் அக்கா" என்று என்னிடம் சிரித்தார். சிரித்த முகத்தை நான் பார்க்க முடியாதபடி திரும்பிக்கொண்டார்.

கைக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண், கூடத்தில் இருந்த மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். "மீனுக்குத் தீனி போடுற வேலையை இவங்களுக்கே விடுங்க. மூடியை வலது கையாலதான் திறக்கணும். ஆசைப்பட்டுச் செய்யற வேலைக்குத்தான் கை திரும்பி வரும்." தொட்டி என் தங்கையுடையது. அதில் ஒரு ஜோடி நீலக் கௌராமி. அடிக்கடி மேலே வந்து காற்றுக் குடிக்கும் மீன்.

கண்ணாடி கனக்கும் என்று மூடிக்காரர் பிளாஸ்டிக் பலகையில் மூடி செய்தார். அதற்கு ஒரு குணம் உண்டு. அடிப்பக்கம் ஈரம் குடித்துக் குடித்து, மூலை மேலே தூக்கிக்கொள்ளும். அவ்வப்போது திருப்பிப் போட வேண்டும். வாங்குகிறவர்களிடமெல்லாம் வாய் வலிக்க இதைச் சொல்கிறவர், தன் வீட்டு மூடியைத் திருப்ப மறந்தார். மூலையில் இரண்டு விரல் சந்து விழுந்தது. அவர் பின்னறையில் பலகை அறுக்கிற மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அந்தச் சந்து வழியாக ஒரு மீன் குதித்துவிட்டது. தங்கையின் நாற்காலிக்கு எதிரிலேயே, தரையில். அவளால் எழவும் முடியாது, கூப்பிடவும் முடியாது. "ஆமா, ஆமா" என்று அவள் கத்தியது மெஷின் இரைச்சலில் கரைந்துபோயிற்று. அவர் வெளியே வந்தபோது மீன் அடங்கியிருந்தது. அவள் அடங்கவில்லை.

அன்று மாலையே தடித்த கண்ணாடியில் ஒரு மூடி வந்து உட்கார்ந்தது. இனி எதுவும் குதிக்காது. ஆனால் அதைத் தூக்க எனக்கே இரண்டு கை வேண்டும். மிச்சமிருந்த மீனுக்கு அவரே தீனி போட்டார். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பயிற்சிக்காரப் பெண் வந்தால் கையை மடியை விட்டு எடுக்க மறுத்தாள். பொறுத்துப் பார்த்துவிட்டு நான் கேட்டேவிட்டேன்.

"என்ன தம்பி, பூட்டு போட்டுட்டியா?"

"பத்திரமா இருக்குல்ல அக்கா."

"மீனு பத்திரமா இருக்கு. இவ?"

"இன்னொண்ணு போச்சுன்னா இவ தாங்க மாட்டா."

"தாங்க மாட்டாதது யாரு, அவளா நீயா?"

அவர் பின்னறைக்குப் போய்விட்டார். நான் அதிகம் பேசிவிட்டேன் என்று என் மகன் சொன்னான். சொல்லட்டும். சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஜன்னல் வேலைக்குப் போவதைக் குறைத்தார். மெல்லிய கண்ணாடியை எடுத்து நடுவில் இரண்டாக்கி, பின்பாதியை அசையாமல் பொருத்தி, முன்பாதிக்கு மட்டும் கீல் வைத்தார். விளிம்பில் ரப்பர் ஒட்டினார், விட்டால் தன் கனத்திலேயே மெத்தென்று மூடிக்கொள்ளும்படி. கைப்பிடிதான் படியவில்லை. குமிழ் வைத்துப் பார்த்தார். அவள் விரல் மடங்காது, வழுக்கிவிடும். ஒருநாள் போனபோது, அவர் தன் வலது கை விரல்களைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டு, மூடியோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, கையை அறுத்துக்கிட்டியா?"

"இல்லக்கா. இது இப்ப அவ கை."

எப்படித் தோன்றியது என்று பிறகு சொன்னார். அவள் போர்வையை இழுக்கும்போது பார்த்தாராம். விரலால் பிடிப்பதில்லை, மணிக்கட்டை அடியில் நுழைத்துத் தூக்குகிறாள். உடனே ஒரு பழைய தோல் பெல்ட்டை வெட்டி, கை நுழைகிற அளவுக்கு வளையமாக்கி, மூடியின் ஓரத்தில் பொருத்திவிட்டார்.

மூடி வைத்த அன்று நான் கூட இருந்தேன். நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிவிட்டு, தீனி டப்பாவை அவள் மடியில் வைத்தார். அவள் சுவரையே பார்த்தாள். "உன் மீனு காலையிலேருந்து பட்டினி. நான் போட மாட்டேன்" என்றார். அவள் முறைத்தாள். "ஆமா" என்றாள். அதில் அத்தனை வசவும் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

நெடுநேரம் கழித்து அவள் கை மடியிலிருந்து எழுந்தது. வளையத்தைத் தவறவிட்டது. கண்ணாடியில் இடித்தது. நான் எழப் போனேன். அவர் என் தோளை அழுத்தினார். மறுபடி இடித்தது. பிறகு மணிக்கட்டு உள்ளே நுழைந்தது, மூடி எழுந்தது. இடது கையால் ஒரு சிட்டிகை போட்டாள். மீன் மேலே வந்து வாய் திறந்தது. அது தின்று முடிக்கும்வரை பிடித்திருந்தாள். அப்புறம் விட்டாள். மூடி சத்தமில்லாமல் படிந்தது.

மூடிக்காரர் ஓரடி முன்னால் வந்தார். கட்டைவிரல் தானாக மூலையை நோக்கி நீண்டது. பாதியில் நின்றது. அவளைப் பார்த்தார். அந்தக் கையை இழுத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.