சிவப்புப் பெட்டியின் மாடல் நம்பர்

காலையில் நடையைத் துடைப்பது டப்பாக்காவின் வேலை. இதை இன்னார்தான் செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் பேசி முடிவு செய்ததில்லை. தம்பி வீட்டுக்குக் குடிவந்த மறுநாள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு வாளியையும் துணியையும் எடுத்தாள். அன்று எடுத்தது கையோடு ஒட்டிக்கொண்டது.

வாசல் கதவுக்கும் ஹாலுக்கும் நடுவில் நீளமான நடை. சுவரை ஒட்டி அவளுடைய மடக்குக் கட்டில். கட்டிலின் தலைமாட்டில் அவளுடைய சிவப்புப் பெட்டி. இடுப்பளவு உயரம், நாலு சக்கரம், ஆறு டிராயர். தையல் மெஷின் ரிப்பேருக்கான சாமான்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன. மேல் டிராயரில் ஊசிகளும் பாபின் கேஸ்களும், நடுவில் ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும், அடியில் சுத்தியல், மோட்டார், பெல்ட். கட்டில் காலையில் மடங்கி மூலைக்குப் போய்விடும். அந்த வீட்டில் அவளுக்கென்று இரவும் பகலும் இருந்தது பெட்டி நின்ற இடம் மட்டும்தான்.

குனிந்து துடைத்துக்கொண்டே பின்னால் வந்தவள் அடி டிராயரில் இடித்துக்கொண்டாள். அது நாலு விரல் அகலத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. முட்டியால் தள்ளினாள். போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தது. டிராயர் ஓடுகிற இரும்புச் சேனல் வளைந்து, உள்ளிருந்த சின்ன இரும்புக் குண்டுகள் ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தன. படுக்கக் கட்டிலை விரிக்கும்போது ஒரு குண்டு காலடியில் உறுத்தும். எடுத்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி ஆபீசுக்குப் புறப்பட்டு, போனில் பேசிக்கொண்டே வந்தான்.

"அய்யோ அம்மா!"

"மெதுவாடா. ரத்தம் வந்திருக்கா பாரு."

"ரத்தம் வந்தாத்தான் வலியா? பேண்ட் கிழிஞ்சு போச்சு பார். புதுப் பேண்ட்." முழங்காலுக்குக் கீழே தேய்த்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தான். "அக்கா, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதே."

அவன் அப்படி ஆரம்பித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளும்படியான ஒன்றுதான் பின்னால் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"இந்தப் பெட்டி ஒண்ணு ஒழுங்கா மூடணும். இல்லேன்னா பழைய இரும்புக்குப் போகணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன்."

"ஏன், திங்கக்கிழமை ஆனா துரு பிடிச்சிடுமா?"

"ஞாயித்துக்கிழமைதான் எனக்கு லீவு. தூக்கிப் போட ஆள் வேணும்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சிரித்துக்கொண்டே சொல்கிறதையெல்லாம் அவன் செய்தும் விடுவான்.

டப்பாக்கா என்ற பேர் அவளுக்குத் தொழிற்சாலையில் வந்தது. பை தைக்கிற தொழிற்சாலை. நூல் வெட்டுகிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அவளே தகட்டைக் கழற்றி, சிக்கிய நூலை எடுத்து ஓட்டிவிடுவாள். கொஞ்ச நாளில் சூப்பர்வைசர் மெக்கானிக்கைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். வேலை கொடுத்தார்கள், பெட்டி கொடுக்கவில்லை. பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியெல்லாம் ஆண் மெக்கானிக்குகளுக்கு. அவள் பால் பவுடர் டப்பாவில் கருவிகளைப் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள். நடக்கிறபோது கலகலவென்று சத்தம் வரும். "டப்பாக்கா வர்றாங்க, மெஷினை நிறுத்து" என்பார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் அவளுக்கு வரன் பார்த்தார்கள். பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பிறகு தம்பிக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மூடிக்கொண்டிருந்த ஒரு கார் ஒர்க்ஷாப்பில் இந்தப் பெட்டியை அவள் தன் சம்பளத்தில் வாங்கினாள். தொழிற்சாலை கேட்டுக்குள் அதை உருட்டிக்கொண்டு வந்த அன்று எல்லோரும் கைதட்டினார்கள். பேரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

தொழிற்சாலையும் மூடியது. பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தாள். இப்போது கடைத்தெருத் தையல்காரர்கள் போன் பண்ணுவார்கள், போவாள், வருவாள். பெட்டி இருக்கிறவரை அவள் வேலைக்குப் போய்வருகிறவள். பெட்டி போய்விட்டால் தம்பி வீட்டில் இருக்கிறவள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியும். தம்பி மனைவிக்கும் தெரியும்.

அன்று மதியமே வளைந்த சேனலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"பெட்டி என்ன கம்பெனிக்கா?"

"தெரியலியே."

"மாடல்?"

"சிவப்பு."

"சிவப்பு மாடல் இல்லக்கா, பெயிண்ட். ஊர்ல பாதிப் பெட்டி சிவப்புதான். முன்பக்கம் பேர்த்தகடு ஒண்ணு இருக்குமே?"

"தகடு இல்ல. அது இருந்த இடத்துல ரெண்டு ஓட்டை இருக்கு."

"ஓட்டைக்கு நான் ஸ்பேர் விக்கிறதில்லயே." அவரே சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "தகடு இருந்தாலும் நம்பக்கூடாதுக்கா. ஒரே ஃபேக்டரியில செஞ்சு பத்துக் கம்பெனி பேரை ஒட்டி விப்பான். அடி டிராயரை முழுசா உருவிட்டு உள்ள பாருங்க. பின்பக்கத் தகட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுலதான் மாடல் நம்பர். அதைப் போட்டோ எடுங்க. டிராயர் அகலம், சேனல் நீளம், ஸ்குரூ ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல எவ்வளவு, எல்லாம் அளந்து அனுப்புங்க. பாக்க இதே மாதிரி இருக்குன்னு வாங்கிட்டுப் போனவன்லாம் மறுநாள் வந்து என் சட்டையைப் பிடிக்கிறான்."

வெளியே வந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. மெஷின் ஓடவில்லை என்று எந்தத் தையல்காரர் போன் பண்ணினாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி, "மெஷின் கழுத்துல நம்பர் இருக்கும், அதைப் படிங்க" என்பதுதான். தன் பெட்டிக்கு ஒரு நம்பர் இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தோன்றவில்லை. கூடவே இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் கட்டிலை விரித்து, ஆறு டிராயரையும் உருவி அதன்மேல் பரப்பினாள். தரையில் படுத்துத் தலையை வெற்றுப் பெட்டிக்குள் விட்டாள். ஸ்டிக்கர் இருந்தது. எண்ணெயும் தூசியும் சேர்ந்து அதன்மேல் தோல் மாதிரி படிந்திருந்தன. மண்ணெண்ணெய் போட்டால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். எழுத்து மேலே வந்தது. படிக்கத்தான் முடியவில்லை, கண் மங்கிக்கொண்டு வந்தது.

"தள்ளுங்க அண்ணி, நான் பாக்கிறேன்." தம்பி மனைவி வந்து நின்றிருந்தாள்.

"புடவையெல்லாம் எண்ணெய் ஆயிடும்மா."

"இதென்ன பட்டா? தள்ளுங்க."

போன் விளக்கைப் போட்டுக்கொண்டு அவளும் தரையில் படுத்தாள். இரண்டு பேரும் தோளும் தோளும் இடிக்க ஒரே பெட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தார்கள். அந்த வீட்டில் அவர்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை.

"கடைசி எழுத்து கிழிஞ்சிருக்கு அண்ணி. மூணா எட்டான்னு தெரியல."

"விடு. அளவை வெச்சுக் கண்டுபிடிச்சிடுவார். மத்ததெல்லாம் தெளிவா விழணும், ஆடாம எடு."

"நான் ஆடல, நீங்கதான் சிரிக்கிறீங்க." போட்டோ எடுத்தாள். உடனே எழுந்திருக்கவில்லை. விளக்கை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "உள்ள இவ்வளவு இடமா! ஒரு டிராயர் எவ்வளவு வெயிட் தாங்கும் அண்ணி?"

"உன் பொண்ணைத் தூக்கி உள்ள உட்கார வெச்சாலும் தாங்கும். என்ன தகடுன்னு நினைச்சே? கொட்டினாலும் கறை பிடிக்காது. துணியால ஒரு இழு இழுத்தாப் போதும்."

கேட்டதற்கு மேலேயே சொன்னாள். பெட்டியைப் பற்றி அவளிடம் அதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

டப்பாக்காவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் படமும் அளவுகளும் தம்பி மனைவியின் போனிலிருந்துதான் போயின. பதிலும் அதற்குத்தான் வந்தது. மறுநாள் எல்லோரும் ஹாலில் இருக்கும்போது கடைக்காரர் பேசி அனுப்பியிருந்ததைத் தம்பி மனைவி சத்தமாக வைத்தாள்.

"அக்கா, ஆளைப் பிடிச்சாச்சு. கடைசி நம்பர் எட்டு. சேனல் இருக்கு, நாளைக்கே வந்திடும். ஆனா ஒரு சமாச்சாரம். இது மெக்கானிக் பெட்டியே இல்லக்கா! சமையலறைக்குன்னு வெள்ளையில போட்ட மாடல். எந்த மகராசனோ வாங்கி சிவப்பு அடிச்சிருக்கான். கம்பெனிப் படம் அனுப்பியிருக்கேன் பாருங்க."

படத்தில் அதே பெட்டி, வெள்ளையாக, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு ஒருத்தி மேல் டிராயரில் கரண்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏன்க்கா, இத்தனை வருஷமா கரண்டிப் பெட்டியை உருட்டிக்கிட்டா ஃபேக்டரி பூரா அதிகாரம் பண்ணே?"

டப்பாக்காவும் சிரித்தாள். எழுந்து போய்ச் சக்கரத்துக்கு மேலே நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். ஆமாம், சிவப்புக்கடியில் வெள்ளை. கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது தம்பி மனைவி இன்னும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் பெரிதாக்கி, டிராயர் டிராயராகப் பார்த்தாள்.

ஒன்று போனால் மற்றவையும் போகும் என்று டப்பாக்கா ஆறு டிராயருக்கும் சேனல் வாங்கினாள். சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது. மாட்டி முடித்து அடி டிராயரைச் சுண்டுவிரலால் தொட்டாள். சத்தமில்லாமல் போய் மூடிக்கொண்டது. தலையணைக்கடியில் சேர்த்து வைத்திருந்த குண்டுகளை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

தம்பி வந்து ஆறையும் இழுத்து இழுத்து மூடிப் பார்த்தான். தன் காலை வேண்டுமென்றே பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். "பரவாயில்லையே! என்னமா ஓடுது! கடிக்கிற நாய் மாதிரி இருந்தது, இப்ப வாலாட்டுதே."

"ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடியே முடிச்சிட்டேன், பாத்துக்கோ" என்றாள் அவள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைத்தெருவிலிருந்து போன் வந்தது. ஒரு தையல்காரரின் மெஷினில் ஊசி இறங்க மறுத்தது. தேவையான நாலைந்து கருவியைத் தோள்பையில் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது.

நடையில் பெட்டி இல்லை. அது நின்ற இடத்தில் தரை மட்டும் புதிதாக, வேறு நிறத்தில் இருந்தது. நாலு மூலையிலும் சக்கரம் பதிந்த வட்டம். அவள் எத்தனை துடைத்தும் தொட முடியாத இடம் அது.

"அண்ணி, இங்க வாங்க, இங்க வாங்க!" சமையலறையிலிருந்து தம்பி மனைவியின் குரல், ஆசையாகத்தான் கூப்பிட்டது.

பெட்டி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றது. மேல் டிராயர் திறந்திருந்தது. பூப்போட்ட காகிதம் விரித்து, அதன்மேல் கரண்டிகள் ஒரே திசையில் படுத்திருந்தன.

"படத்துல இருக்கிற மாதிரியே இல்ல? அடியில அரிசி, நடுவுல துணி, மருந்து. வெள்ளை பெயிண்ட் வாங்கிட்டா முடிஞ்சது. இத்தனை நாள் இதைப் போய் நடையில போட்டு வெச்சிருந்தோமே!"

"என் சாமான்?"

பதில் பின்னாலிருந்து வந்தது. தம்பி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். "எல்லாம் பத்திரமாத்தான் இருக்கு. உன் கட்டில் இருக்கிற மூலையில. பாப்பாவோட பால் பவுடர் டப்பா நாலு கிடந்தது, அதுல போட்டிருக்கேன். நீ டப்பாக்காதானே, உனக்குப் பழக்கம்தானே?" சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தான், சிரிப்பாள் என்று.

டப்பாக்கா நடைக்குப் போய்க் குனிந்தாள். முதல் டப்பாவை இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். மேலே சுத்தியல். அதற்கடியில் பாபின் கேஸ்கள். ஒரு முடியளவு நசுங்கினாலும் நூல் ஓடாத சாமான். இரண்டு நசுங்கியிருந்தன. டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பச் சமையலறைக்கு வந்தாள். நடக்கிறபோது கலகலவென்று சத்தம் வந்தது.

"ஒழுங்கா மூடணும்னு சொன்னே. மூடுதே."

"மூடுது, யார் இல்லேன்னா?" தம்பி நிதானமாகச் சொன்னான். "மூடறதாலதானேக்கா உள்ள கொண்டுவந்தோம்? பழையபடி இருந்திருந்தா அதை யார் தொட்டிருப்பா? அதுவுமில்லாம அது உன் வேலைக்குன்னு செஞ்சதே இல்லையாமே. கடைக்காரர் சொன்னதை நீயும்தானே கேட்டே, நீயும்தானே சிரிச்சே."

சிரித்தது உண்மைதான். டப்பாக்கா தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்தாள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"அண்ணி," தம்பி மனைவி மேல் டிராயரைத் தள்ளிக் காட்டினாள். முக்கால்வாசி போய் நின்றது. "காலையில நல்லாத்தான் போச்சு. இப்ப இது ஒண்ணு மட்டும் இறுகுது. கையோட என்னன்னு பாத்துக் கொடுத்திடுங்களேன்?"

நின்ற இடத்திலிருந்தே டப்பாக்காவுக்குத் தெரிந்தது. பூப்போட்ட காகிதத்தின் ஓரம் மடங்கிச் சேனலுக்குள் சிக்கியிருந்தது. இரண்டு விரலால் இழுத்துவிட்டால் போதும். இழுக்காமல் தள்ளிக்கொண்டே இருந்தால் இரண்டு வாரத்தில் குண்டு கொட்ட ஆரம்பிக்கும்.

"என்ன அண்ணி, எண்ணெய் போடணுமா?"

டப்பாக்கா டப்பாவின் மூடியை இறுக்கி, இடுப்பில் இடுக்கிக்கொண்டு சமையலறையை விட்டு வெளியே போனாள்.