நாகவேணி சொன்ன பேய்

போன வாரம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்பிள்ளைகளுக்குக் காதடைப்பான் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. மஞ்சள் நிறத்தில் பஞ்சு மாதிரி இருக்கும். விரலால் உருட்டிக் காதுக்குள் விட்டால் ஊதிக்கொண்டு அடைத்துக்கொள்ளும். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் சத்தத்துக்கு அது இல்லாமல் முடியாது. பாக்கெட்டைப் பிரித்ததும் அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அதில் மெஷின் ஞாபகம் வரும். எனக்குப் பேய்ப் படம் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

நான் பேய்ப் படப் பைத்தியம். நாட்றாம்பாளையத்துப் பக்கம் காட்டோரத்தில் வளர்ந்தவள். அங்கே யானைக்குப் பயப்படத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பேயை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிதில் நைட் ஷிஃப்ட் முடிந்து, குளித்து, நாலு இட்லி தின்றுவிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தியேட்டருக்குப் போவேன். பகல் காட்சிக்கு வருகிற பாதிப் பேர் எங்களை மாதிரி ஷிஃப்ட் முடித்தவர்கள். ரூமில் வெக்கை தாங்காமல் தூங்கவே வருகிறவர்களும் உண்டு. திரையில் பேய் அலறும், பின் வரிசையில் ஒருத்தர் குறட்டை விடுவார். எனக்கு இரண்டும் சேர்ந்தால்தான் பேய்ப் படம்.

பங்களாப் பேய் எனக்குப் பிடிக்காது. நமக்குப் பங்களாவே கிடையாது, அதில் பேய் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. கிணற்றுப் பேய் பிடிக்கும். தான் செத்ததே தெரியாமல் அடுப்பங்கரையில் சோறாக்கிக்கொண்டிருக்கும் பேயென்றால் உயிர். அந்த மாதிரி நல்ல பேய்கள் எல்லாம் தெலுங்குப் படத்தில்தான் வந்தன. எனக்கோ தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. அதற்குத்தான் நாகவேணி.

நாகவேணி என் ரூம்மேட். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், சூப்பர்வைசரைத் திட்டுவதற்குக் கன்னடம். சரியான பயந்தாங்கொள்ளி. பேய் வரப்போகிறது என்று மியூசிக் மாறினாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். எனக்குப் பேயைப் பார்க்கப் பயமில்லை, அந்த டமால் டுமீல் சத்தம்தான் ஆகாது. அதனால் கம்பெனியில் கொடுத்த காதடைப்பானை இடது காதில் வைத்துக்கொள்வேன். வலது காது நாகுவுக்கு. கண்ணை மூடியபடியே வசனத்தைக் கேட்டு, அந்தக் காதில் தமிழில் சொல்வாள். பதிலுக்குத் திரையில் நடப்பதை நான் அவளுக்குச் சொல்லவேண்டும்.

"என்னா பண்ணுது?"

"நிக்குது."

"தலைய விரிச்சிப் போட்டிருக்கா?"

"இல்லடீ. பின்னித்தான் போட்டிருக்கு."

விரித்துப்போட்டுத்தான் நிற்கும். பாவம் நடுங்குகிறாளே என்று நான்தான் பின்னிவிடுவேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் வாழ்க்கையிலேயே ரொம்பப் பிடித்த பேய்ப் படம் அப்படிப் பார்த்ததுதான். அது வந்தபோது என் அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா உயிர் பிரிந்த நேரம் நான் ஷிஃப்டில் இருந்தேன். லைனுக்குள் போகுமுன் செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், அதுதான் சட்டம். வெளியே வந்து எடுத்துப் பார்த்தால் அண்ணனிடமிருந்து வரிசையாக அழைப்பு. அம்மா கடைசியாக என்னைக் கேட்டாளா, என்ன சொன்னாள் என்று அண்ணனை எத்தனையோ தடவை கேட்டேன். "அத்த உடு" என்பான். என் நெஞ்சில் கிடந்த அந்தப் பாரத்தை நாகுவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

படத்தில் பட்டணத்துக்கு வேலைக்குப் போன மகள், செத்துப்போன அம்மா. கிணற்றிலிருந்து அம்மா ஈரத்தோடு ஏறி வந்து மகள் முன்னால் நிற்கிறாள். வாய் அசைகிறது. நாகு சட்டென்று சொல்லவில்லை. "என்னாடீ சொல்லுது?" என்று இடித்தேன். கண்ணைத் திறக்காமல் சொன்னாள்:

"பயப்படாத கண்ணு. நீ வரலன்னு எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. வேல செய்யற எடத்திலருந்து எப்படி வருவ? சாப்டியா?"

பேய்ப் படத்தில் தேம்பித் தேம்பி அழுத ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கு ரூமுக்கு வந்து படுத்தவள், அம்மா போனதற்குப் பிறகு முதல்முறையாக அசந்து தூங்கினேன்.

நாகு கல்யாணமாகி ஊரோடு போய்விட்டாள். மாங்காய் சீசனில் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்புவாள். பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் பார்க்கப் போனபோது முடியெல்லாம் கொட்டிப்போய், ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு சிரித்தாள். "இப்ப என் தலையப் பின்ன முடியாதுடீ" என்றாள். நான் பின்னிவிட்டதெல்லாம் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கெணத்துப் படம் டீவில வந்தா தனியா பாக்காத. நான் எழுந்து வர்றேன், சேந்து பாப்போம்."

அவள் எழுந்து வரவில்லை. தோப்பில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற சமயத்தில் போய்விட்டாள்.

காதடைப்பான் கொடுத்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீவியைப் போட்டால் அதே கிணறு. படம் தமிழ் பேசிக்கொண்டிருந்தது. அவள் சொன்னது ஞாபகம் வந்தது, ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை. அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அம்மா ஈரத்தோடு ஏறி வந்தாள், வாயைத் திறந்தாள்.

"நான் சாகும்போது எங்கே போயிருந்தே? தண்ணிக்குத் தவிச்சேனே, வந்தியா? உன்னைச் சும்மா விடமாட்டேன்."

பேயைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான். பிறகு மெல்ல விளங்கியது. இந்த வசனம்தான் அன்றைக்குத் தியேட்டரில் நாகு காதில் விழுந்திருக்கிறது. அதை என் காதில் போட மனசில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, தானே ஒரு அம்மாவை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறாள். நாகு, நாகு என்று வாய்விட்டு அழுதேன்.

அந்தத் தியேட்டரை இடித்துக் கட்டிய துணிக்கடை வழியாகத்தான் தினமும் கம்பெனி பஸ் போகிறது. இப்போது எல்லா ஊர்ப் பேயும் தமிழ் பேசுகிறது, ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை ரிமோட்டை எடுத்து டீவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தேன். அம்மா வாயசைத்துக்கொண்டே இருந்தாள். இடது காதை விரலால் அடைத்துக்கொண்டு, வலது காதைத் திறந்து வைத்தபடி, படம் முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன்.