மாஸ்டர் ‘சரி’ சொன்ன பேரிங்குகள்

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மீட்டர் பெட்டிகளை ஒட்டிய வீட்டில் மாஸ்டர் இருந்தார். தூண்டில் கழியில் மாட்டும் பழைய ரீல்களைப் பிரித்துக் கழுவிச் சரிசெய்வது அவர் வேலை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் செய்த ரீலாக இருந்தாலும் அவர் கைக்குப் போய்வந்தால் வழவழவென்று சுற்றும். “ரீல் விடுறதுக்கு ஆயிரம் பேர் இருக்கான், கழுவுறதுக்கு நான் ஒருத்தன்தான்” என்று வாரம் தவறாமல் சொல்வார். நாங்களும் வாரம் தவறாமல் சிரிப்போம்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு கண்ணாடிக் கடையில் ஃபிரேம்களுக்குத் திருகு முடுக்கும் வேலை அவருக்கு.

மாஸ்டருக்கு அறுபத்திரண்டு வயதில் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. ‘சரி’ என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. பசித்தாலும் அதுதான், எரிச்சல் வந்தாலும் அதுதான். எந்தச் ‘சரி’க்கு என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத்தான் தெரியும்.

மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனுஷனை அக்காதான் மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தார். முப்பது வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்த வேலை, சின்னத் திருகுகளில் பழகிய கை. காலையில் ரீலைப் பிரித்து, உள்ளே இருக்கும் பேரிங்குகளை வெளியே எடுப்பார். இரண்டு எஃகு வளையம், நடுவில் கடுகு மாதிரிக் குண்டுகள், அவ்வளவுதான் பேரிங். ஆனால் கடல் உப்பும் பழைய கிரீஸும் சேர்ந்து அதற்குள் மெழுகாக இறுகியிருக்கும். ஊசியால் மூடித் தகட்டை நெம்பி எடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். பிறகு பென்சில் முனையில் மாட்டி மாஸ்டரிடம் நீட்டுவார்.

மாஸ்டர் இடது ஆள்காட்டி விரலை வைத்து மெல்லச் சுற்றுவார். ஒரே ஒரு உப்புத் துணுக்கு மிச்சம் இருந்தாலும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் ‘சரி’ என்பதையே இழுத்துச் சொல்லித் தலையை ஆட்டுவார். அக்கா திரும்பக் கழுவுவார். சுத்தமாக இருந்தால் வெட்டினாற்போல ஒரு ‘சரி’. அது உடனே தட்டுக்குப் போகும். ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. அந்த நாட்களில் மாஸ்டர் முகத்தில் பழைய களை திரும்பியதை நானே பார்த்தேன்.

ஒரு நாள் அக்கா கைமறதியாகக் கழுவாத பேரிங் ஒன்றைப் பென்சிலில் மாட்டிவிட்டார். மாஸ்டர் சுற்றிப் பார்த்து, வெட்டினாற்போல ‘சரி’ என்றார். அசதியாக இருக்கும் என்று நினைத்தார் அக்கா. மறுநாள் வேண்டுமென்றே இன்னொன்றை மாட்டினார். அதற்கும் ‘சரி’. அக்கா எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓட ஓட நின்றாராம்.

மாஸ்டருக்கே தெரியாதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போன விரல். தெரியவில்லையோ, தெரிந்துகொள்ள மனசு வரவில்லையோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா யாரிடமும் மூச்சுவிடவில்லை. தினமும் மாஸ்டர் தேர்வு செய்து தட்டில் போட்டதையெல்லாம் சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து தன் விரலால் மறுபடி பார்ப்பார். சுற்றும்போது கரகரவென்று அரைப்பதைத் திரும்பக் கழுவுவார். முடிந்ததை ஒரு தகர டப்பாவில் போட்டுவைப்பார். நாலு மாதம் இப்படியே போனது. ஒரு வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். அந்த வாரம் ஒரு பேரிங் அவர் பார்வைக்குத் தப்பிவிட்டது. அது நான் கழுவக் கொடுத்திருந்த ரீலுக்குள் போனது.

இரண்டே நாளில் கைப்பிடி கரகரத்தது. ஒரு மத்தியானம் எடுத்துக்கொண்டு கீழே போனேன். அக்கா கடைக்குப் போயிருந்தார். மேசைமுன் மாஸ்டர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“மாஸ்டர், உள்ளே ஏதோ அரைக்குது. உங்க கையில இப்படி ஆனதே இல்லையே” என்றேன்.

அந்த வார்த்தையை விழுங்கியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ரீலைத் திறக்கச் சொல்லிக் கை காட்டினார். திறந்து பேரிங்கை எடுத்துப் பென்சிலில் மாட்டி நீட்டினேன். விரலை வைத்துச் சுற்றினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைச் சுற்றும்படி சைகை காட்டினார். எனக்கே கரகரப்பு தெரிந்தது. கொஞ்ச நேரம் தன் விரலையே பார்த்தார். பிறகு பென்சிலை வாயருகே கொண்டுபோய், பேரிங்கைக் கீழுதட்டில் ஒட்டிவைத்து என்னைச் சுற்றவிட்டார். கண் மூடிக்கொண்டது. உதட்டுக்கு உணர்ச்சி இருந்தது.

காலையில் அவர் ‘சரி’ சொன்ன ஆறு பேரிங்குகள் தட்டில் கிடந்தன. ஒவ்வொன்றாக உதட்டில் வைத்துப் பார்த்தார். இரண்டைத் தனியே தள்ளினார். அடுத்து, அலமாரியில் இருந்த தகர டப்பாவைக் காட்டினார். அதில் இருந்ததில் ஒன்றுகூட அரைக்கவில்லை. இருபதுக்கு மேல் பார்த்திருப்போம். தனக்குப் பின்னால் யாரோ தன் வேலையைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவருக்கு அதில் விளங்கிவிட்டது.

எனக்குப் போகவும் தோன்றவில்லை, இருக்கவும் முடியவில்லை. அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போதே மாஸ்டர் தட்டை அவர் பக்கமாகத் தள்ளினார். அக்கா தட்டைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், பையைக்கூட இறக்கிவைக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“உங்க மனசு நோகக் கூடாதுன்னுதாங்க...” என்றார் அக்கா. நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அக்கா மாஸ்டரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். “உதட்டுல தெரியுதுல்ல? இனிமே அதுலயே பார்த்துச் சொல்லுங்க. நான் கழுவித் தரேன்.”

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘சரி’ என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் அவர் மேசைப் பக்கம் வரவில்லை. இருந்த அந்த ஒரு சொல்லையும் விட்டுவிட்டார். கொடுத்தால் சாப்பிடுவார், படுக்கவைத்தால் படுப்பார். இரண்டரை மாதத்தில், ஒரு விடிகாலை, அக்கா பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் முடித்ததும் அக்கா சொன்னார்:

“நீங்க இல்லாட்டி இன்னொருத்தர் சொல்லியிருப்பாங்க தம்பி. நான் அதை நினைக்கல. நாலு மாசம் அவர் எதிர்ல உட்கார்ந்து, அவர் சரின்னு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேனே, அதைத்தான் நினைச்சுட்டிருக்கேன். முப்பத்திரண்டு வருஷத்துல அவர்கிட்ட வேற எதையும் நான் மறைச்சதில்ல.”

ரீல்கள் இப்போதும் அந்த வீட்டுக்கு வருகின்றன. கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டு அக்கா முழுநேரமும் இதைத்தான் செய்கிறார். மாஸ்டர் செய்ததற்கு இம்மியும் குறையில்லை என்று வாங்கிப்போகிறவர்கள் சொல்கிறார்கள். யாராவது அதை நேரில் சொன்னால், அக்கா தலைநிமிராமல் அடுத்த திருகைக் கழற்றுகிறார்.