தள்ளினால்தான் ஓடும்

பழைய ஜீப் வைத்திருப்பது முழுநேர உத்தியோகம். அதன் செலவுக்காக மிச்ச நேரத்தில் நான் பார்த்துவந்த வேலைதான் ஆசிரியை வேலை.

இதைப் படிக்கிறவர்களில் பழைய வண்டி வைத்துச் சீரழிந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். நீங்கள் என் உறவுக்காரர்கள். காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்க்காமல் வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தவர்கள் நீங்கள். ஓடும்போது எந்தச் சத்தம் புதுசு, எந்தச் சத்தம் பழசு என்று காது வைத்துக் கேட்டவர்கள். உங்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

பெயர் யார் பெயர்?

உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன வண்டிகளை ஒரு வியாபாரி மலாக்காவுக்குப் பக்கத்தில் பத்து பெரெண்டாமில் வரிசையாக நிறுத்தி விற்றுக்கொண்டிருந்தார். மூன்று ரப்பர்த் தோட்டப் பள்ளிகளுக்கு மாறி மாறிப் போய்ப் பாடம் சொல்லும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. சென்னையில் கல்லூரி படித்தவள் என்பதால் கொடுத்தார்கள். சொந்த வண்டி இருந்தால்தான் வேலை என்றும் சொல்லிவிட்டார்கள். பால்மரக் காட்டுக்குள் பஸ் போகாது. மழைக்காலத்தில் செம்மண் ரோடு களியாகிவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் அங்கே நிற்காமல் போகும். என் கணவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அவரிடமிருந்து தகவல் வருவது குறைந்துகொண்டே வந்த காலம். நான் கை வளையல்களை விற்று, தனியாகப் போய் ஜீப்பைத் தேர்ந்தெடுத்தேன்.

வியாபாரி பேனாவைத் திறந்து, "புருஷன் பேரு சொல்லுங்க" என்றார். வாங்குவது நான் என்றேன். பொம்பளை பெயரில் வண்டி எழுதி அவருக்குப் பழக்கமில்லையாம். எனக்கு அடுத்து நின்றவர், அவருக்கும் அடுத்து நின்றவர் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாக்குவாதம் செய்யத் தெம்பில்லாமல் பெயரைச் சொன்னேன். மை காயும்முன் அவர் ஆறுதலாகச் சொன்னார்: "பேரு யாரு பேரா இருந்தா என்ன டீச்சர், ஓட்டப்போறது நீங்கதானே?"

காஜா பெராங்கில் காலை ஏழு மணி

வாங்கிய சில மாதத்திலேயே ஸ்டார்ட்டர் கெட்டது. இரும்புக் கம்பியை முன்னால் செருகிச் சுற்றலாம் என்றால், பட்டாளத்தில் இருந்தபோதே எதிலோ மோதி நசுங்கி அந்தத் துவாரம் கோணிப்போயிருந்தது. மாற்றுச் சாமான் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. அந்த ஜீப்புக்குச் சாவியும் கிடையாது. ஒரு திருகுதான். யார் வேண்டுமானாலும் ஏறி ஓட்டிக்கொண்டு போகலாம், பின்னால் நின்று தள்ள ஆள் இருந்தால்.

எனக்குத் தள்ளியவர், காஜா பெராங்கில் என் எதிர்வீட்டு ராஜு. மலாக்கா செட்டிகள் வம்சம்; எத்தனையோ தலைமுறைக்கு முன் இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் வாரிசு. நெற்றியில் திருநீறு இருக்கும், பூசையறையில் பிள்ளையார் இருப்பார், வாயில் மட்டும் தமிழ் இருக்காது. அவர்கள் வீட்டில் பேசுவது ஒரு தினுசு மலாய்; அதில் 'அக்கா' மாதிரி நாலைந்து தமிழ்ச் சொற்கள் பழைய நகை போலப் பத்திரமாக இருக்கும். இங்கே அவர் பேச்சை நான் தமிழில் எழுதுகிறேன், ஒரு சொல்லைத் தவிர. அந்தச் சொல் 'தோலாக்'. தள்ளு என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்குக்கும் அதே சொல். பெண் கேட்டு வந்தவர்களை 'வேண்டாம்' என்று மறுத்து அனுப்பினாலும் தோலாக்தான். ராஜுவின் மனைவி அக்கம்பக்கத்துக் கல்யாணச் செய்திகளைச் சொல்லும்போது நான் கற்றுக்கொண்டது அது. ராஜு வேலைக்குப் போகும் முன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தினமும் வந்துவிடுவார். ஒரு நாள், அதிசயமாக, சரிவில் நிறுத்தியிருந்த ஜீப் தானாகவே உருண்டு கிளம்பிவிட்டது. கையை மடித்தபடி வந்தவர் நடுரோட்டில் நின்று கத்தினார்: "அக்கா! இன்னைக்குத் தோலாக் இல்லைன்னா எனக்குக் காலைக் காப்பி இறங்காதே!"

டிரைவர் எங்கே?

அவசரகாலம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று தோட்டத்து ரோடுகளில் தடை போட்டு வண்டிகளைச் சோதிப்பார்கள். சோற்றுப் பொட்டலம்கூட உள்ளே போக முடியாது. அது இருக்கட்டும், நாட்டு நிலைமை. ஆனால் தடை தாண்டும் ஒவ்வொரு முறையும் "டிரைவர் எங்கே?" என்று என்னிடமே கேட்பார்களே, அதற்கு எந்த நிலைமை காரணம்? ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது?

ஒரு நாள் புதிதாக வந்த ஒரு தமிழ்க் காவலர் பின் ஸீட்டைத் தூக்கிப் பார்த்தார். டிரைவர் அங்கே ஒளிந்திருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. "இன்ஜினை நிறுத்துங்க" என்றார். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்றேன். "அதெல்லாம் கிளம்பும், நிறுத்துங்க." நிறுத்தினேன். சாக்பீஸ் பெட்டி, வாசகப் புத்தகங்கள், என் குடை எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்துத் திருப்பி ஏற்றினார்கள். பிறகு நான் சொன்னதுதான் நடந்தது. துப்பாக்கிகளை மரத்தில் சாய்த்துவிட்டு அத்தனை பேரும் களியில் கால் புதையத் தள்ளினார்கள். வண்டி உறுமியபோது அந்தக் காவலர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "காட்டுல இருக்கவனுங்ககூட எங்களை இவ்வளவு வேலை வாங்கல டீச்சர்."

தள்ளிவிடச் சொன்னவர்கள்

என் ஜீப்பைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் ஒரே யோசனைதான்: "தள்ளிவிட்ருங்க." தள்ளிவிடுவது என்றால் இங்கே விற்றுத் தொலைப்பது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வாரம் ஒரு முறை சொல்வார். கறிக்கடையில் சொல்வார்கள். டயருக்குக் காற்றடிக்கிறவர் காற்றோடு சேர்த்து அதையும் இலவசமாகத் தருவார். விற்றால் நான் எதில் போவது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஜீப் போனால் வேலை போகும். வேலை போனால் அண்ணன் வீட்டு அடுப்படியில், அண்ணிக்கு அடங்கி, மிச்ச ஆயுளுக்கும் தேங்காய் துருவ வேண்டியதுதான். இதை எப்படி ரோட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்வது?

அந்த வருஷம்தான் என் கணவர் சிங்கப்பூரில் வேறொரு குடும்பம் வைத்துவிட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான். அவர் செய்த காரியத்துக்குப் பெயர் எனக்கு வந்தது: தள்ளிவைக்கப்பட்டவள். தமிழில் இந்த 'தள்ளு' எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். கோயிலில் பிரகாரம் சுற்றும்போது எனக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்கள் மெல்லிய குரலில் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார்கள். அதில் ஒருத்தி சொன்னது வரிக்கு வரி நினைவிருக்கிறது, சந்தம்கூட நன்றாகத்தான் அமைந்திருந்தது: "அவளையே தள்ளி வச்சாச்சு, இனி அவ வண்டியை யாரு தள்ளப்போறா?"

சுதந்திர ஊர்வலம்

சுதந்திரம் வந்தது, மலாயில் மெர்டேக்கா. எங்கள் சங்கத்தார் ஊர்வலத்துக்கு ஜீப் கேட்டார்கள். மகிழ்ச்சியாகக் கொடுத்தேன். முந்தின நாள் முழுக்க நானே கழுவினேன். தென்னங்குருத்துத் தோரணம், காகிதக் கொடிகள், நடுவில் தலைவருக்கு நாற்காலி. காலையில் நல்ல புடவை கட்டிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தால், தலைவர் தயங்கித் தயங்கி, "அம்மா ஓட்டினா பார்வைக்கு அவ்வளவு நல்லா இருக்காது, பொருளாளர் ஓட்டட்டும்" என்றார். நாடே விடுதலையாகிற நாளில் நான் என் வண்டியிலிருந்து இறங்கினேன். பொருளாளரிடம் இன்ஜினை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று சொன்னேன். தலைவரிடமும் சொன்னேன். பிறகு கூட்டத்தோடு கூட்டமாக என் ஜீப்புக்குப் பின்னால் நடந்தேன்.

கடலோரத் திடலில் தேசிய கீதம் ஆரம்பித்தார்கள். பொருளாளர் மரியாதை தெரிந்த மனிதர். இன்ஜினை நிறுத்திவிட்டு விறைப்பாக எழுந்து நின்றார். கீதம் முடிந்தது. பிறகு அவர் திருகினார், மிதித்தார், கொடிகளெல்லாம் ஆடின, ஜீப் அசையவில்லை. முன்னால் போன ஊர்வலம் போய்க்கொண்டே இருந்தது, பின்னால் வந்தது முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் எங்கள் ஆட்கள் ஒவ்வொரு உந்தலுக்கும் "மெர்டேக்கா!" என்று கத்திக்கொண்டே தள்ளினார்கள். நாற்காலியில் இருந்த தலைவர் தோரணத்தைப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் கேட்கச் சொன்னார்: "இதை நீங்க முன்னாலயே சொல்லியிருக்கலாமே டீச்சர்!"

தங்கராசு வந்த காலை

அதற்குப் பிறகு ஒரு பள்ளி நாள் காலையில் என் கொழுந்தன் தங்கராசு வந்தான். சிங்கப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தான். வெள்ளைச் சட்டையில் கஞ்சி மொடமொடத்தது. காப்பி கொடுத்தேன், குடித்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணன் ஜீப்பை எடுத்துட்டு வரச் சொன்னாரு அண்ணி" என்றான்.

"எந்த அண்ணன்? பத்து பெரெண்டாமில் வளையலைக் கழட்டினது எந்த அண்ணன்?"

"பேரு அவரு பேருதானே அண்ணி. நான் என்ன செய்ய? அவருக்கு அங்க யாவாரத்துக்கு வேணுமாம்."

"எனக்கு இங்க பள்ளிக்கூடத்துக்கு வேணுமே."

"நீங்க உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடலாமே" என்றான், ஏதோ நல்ல சேதி சொல்கிறவன் போல. சொல்லிவிட்டு எழுந்துபோய் ஜீப்பில் உட்கார்ந்தான். நான் வாசற்படியில் நின்றேன். தடுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. வியாபாரியின் பேனா எழுதிய அந்த ஒரு பெயர் இத்தனை வருஷம் கழித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு என் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது. 

அவன் திருகினான். மிதித்தான். மறுபடி திருகினான். எதிர்வீட்டில் ராஜு சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சுத் தமிழில் நடந்தது. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என் முகம் எந்த மொழியிலும் புரியும்படி இருந்திருக்க வேண்டும். தங்கராசு அவரைப் பார்த்துக் கைகாட்டி, தெரிந்த மலாயில், கொஞ்சம் தோலாக் செய்யுங்கள் அண்ணே என்று கேட்டான்.

ராஜு தெருவைக் கடந்து வந்தார். தினமும் வைக்கிற இடத்தில், பின்பக்க இரும்பில், கையை வைத்தார். இவரும் தள்ளத்தான் போகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் தெளிவாகச் சொன்னார்: "நான் தோலாக்."

தங்கராசு தலையாட்டிவிட்டு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, நிமிர்ந்து, முன்னால் பார்த்துக் காத்திருந்தான். ராஜு கையை எடுத்தார். திரும்பி நடந்து தன் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கொழுந்தன் இன்னும் காத்திருந்தான். காக்கை ஒன்று பானெட்டில் வந்து உட்கார்ந்து அவனை உற்றுப் பார்த்தது. நான் அந்த வருஷத்தில் முதல் முறையாகச் சிரித்தேன்.

"தள்ளுறேன்னு சொன்னாரே அண்ணி?" என்றான்.

"மறுக்கிறேன்னு சொன்னாரு தம்பி" என்றேன். "ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான்."

அந்த வரிசையில் இருந்த எல்லா வீட்டையும் அவன் கேட்டுப் பார்த்தான். எல்லாரும் மிகுந்த மரியாதையோடு தோலாக் என்றார்கள். கடைசியில் தானே இறங்கித் தள்ளினான். ஜீப் வண்டிப்பாதையை விட்டு வழுக்கி, சாக்கடை ஓரத்தில் சாய்ந்து நின்றது. கஞ்சிச் சட்டை மடிப்புக் கலைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. "இந்தக் குப்பையை யாரு வேணும்னாலும் வச்சுக்குங்க அண்ணி!" என்று கத்தினான்.

"யாரு வேணும்னாலும் இல்ல. என் பேர்ல மாத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு."

அவன் பஸ்ஸுக்கு நடந்தான். கையெழுத்துப் பிறகு வந்தது; குப்பையை விட்டுக்கொடுப்பதில் என் கணவர் எப்போதும் தாராளம். அன்றைக்குப் பள்ளிக்கு நேரமாகிவிட்டிருந்தது. நான் ஏறி உட்கார்ந்த உடனே ஜீப்புக்குப் பின்னால் அத்தனை வீட்டுக் கைகளும் வந்து சேர்ந்தன. சாக்கடை ஓரத்திலிருந்து அதைக் கிளப்பி, தெருமுனை வரை ஓடி ஓடித் தள்ளினார்கள். இன்ஜின் இருமி, உறுமி, பிடித்துக்கொண்டபோது பின்னால் ராஜுவின் குரல் கேட்டது: "இது வேற தோலாக், அக்கா!"

தள்ளுகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகத் தள்ளுவதில்லை என்று தெரிந்துகொள்ள ஒரு கல்லூரிப் படிப்பும் ஒரு கணவரும் எனக்குப் போதவில்லை, ஸ்டார்ட்டர் கெட்ட ஜீப் ஒன்றும் வேண்டியிருந்தது.