என் மகனை மீட்ட அமாவாசை

முருகனடியார்களே, என் மகன் சண்முகம் நானூற்றுப் பன்னிரண்டு நாள் ஜெயிலில் இருந்தான். செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை!

அறுபதுகளின் கடைசி. எங்கள் தெருவில் பட்டப்பகலில் ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். முந்தின வாரம் அவரோடு சண்டை போட்டவன் என் மகன். எதிர்வீட்டுக்காரர் கூண்டில் ஏறி, "தறியில் நெய்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சண்முகம்தான் கத்தியோடு ஓடினான்" என்றார். நேரில் பார்த்ததாகச் சொன்ன அந்த ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு.

ஐகோர்ட்டில் அப்பீல் போட்டோம். சாட்சிகள் சொன்னதன் நகல் அறுபத்திரண்டு பக்கம். கணக்கு வாத்தியாரான நான் பத்தொன்பது முறை படித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

"பக்கத்த எண்ணிக்கினே இருந்தா புள்ள வந்துடுவானா? முருகன்கிட்ட போய் அழுங்க" என்றாள் என் மனைவி.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருந்தது. எங்கள் ஊர் முருகன் கோயிலான குமரக்கோட்டத்தில் நூற்றெட்டுச் சுற்று ஆரம்பித்தேன். முருகா, எனக்கு வழி தெரியவில்லை, நீ காட்டு! முப்பத்தேழாவது சுற்றில் நெசவாளி ஏகாம்பரம் எதிரே வந்தார்.

"இன்னா வாத்தியாரே, எத்தினி சுத்து ஆச்சி?"

"முப்பத்தேழு. ஏம்பா, நீ தறிக்குப் போகலியா?"

"நல்லா கேட்டீங்க! அமாவாசைல எவன் தறில குந்துவான்? நெசவுக்காரத் தெருவுல பொறந்துக்கினு இதுகூடவா மறந்துட்டீங்க?"

கொலை நடந்ததும் அமாவாசைதான்! அன்று என் அப்பாவுக்குப் படைத்துவிட்டு இலையில் உட்கார்ந்தபோதுதான் கூச்சல் கேட்டது. அமாவாசையில் எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. எங்களுக்கு அது மூச்சு விடுவதுபோல. அதனாலேயே கோர்ட்டில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. வெளியூர் வக்கீலுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு ஓடினேன். (மீதி எழுபத்தொரு சுற்றை மறுநாள் முடித்துவிட்டேன், யாரும் குறை நினைக்க வேண்டாம்.) நாற்பத்தோராம் பக்கம்! போலீஸ் தரப்பிலேயே சாட்சியாக வந்த பால்காரர் சொல்லியிருக்கிறார்: "அமாவாசை. தறி எதுவும் ஓடல. அதனால அலறல் நல்லா கேட்டது."

வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் சார் இத்தனை நாள் சொல்லலே?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு இருந்துட்டோம்."

நீதிபதிகள் இருவரும் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார்கள். ஓடாத தறியில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னவரை நம்ப முடியாது என்று என் மகனை விடுதலை செய்தார்கள். விடுதலை! பஸ்ஸிலிருந்து இறங்கியவன், "இன்னாப்பா, இப்படி எளச்சிட்ட?" என்று என்னைக் கேட்டான்.

என் கணக்கைத் தவிர எதையும் நம்பாதவன் நான். இப்போது கோர்ட்டுக்கு அலையும் குடும்பங்களின் காகிதங்களைப் படித்துக் கொடுக்கிறேன். ஆனால் முதலில் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரிக்கிறேன். நீங்களும் அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, எதிரே வருகிறவர் கேலி பேசினாலும் நின்று காது கொடுங்கள்.