திறக்காத ரோட்டுக்காக அல்ஹம்துலில்லாஹ்

துஆ கேட்டுக் கேட்டு அலுத்துப்போன என் சகோதரிகளே, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் கடை நடத்தும் ஒரு விதவை சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்.

எண்பத்தேழில் என் கணவர் மவுத்தானார். கல்வராயன் மலைக்குக் கடுக்காய் வாங்கப் போனவரை ஜனாஸாவாகத்தான் கொண்டுவந்தார்கள். அவர் சொந்தமாக வாங்கிய இடத்தில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. ஊர்க்கோடியில் ஒரு சரக்குக் கிடங்கு. இரண்டு பெண் பிள்ளைகள். வேறு போக்கிடம் இல்லை.

நான் இத்தாவில் உட்கார்ந்தேன். நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது அல்லவா? அது மச்சானுக்கு, அதாவது என் கணவரின் அண்ணனுக்கு, ரொம்ப வசதியாகப் போயிற்று. உளுந்தூர்பேட்டையில் கடை வைத்திருந்தவர், துக்கத்துக்கு வந்த இடத்திலேயே ஆரம்பித்தார்.

"பொட்டப் புள்ளைங்களுக்கு கடை இன்னாத்துக்கு? வூட்டையும் சேத்து நானே பாத்துக்கறேன்."

நைனார்பாளையத்திலிருந்த என் தம்பி கோர்ட்டுக்குப் போனான். வாரிசுகளின் பங்கைப் பிரித்து முடிக்கும்வரை சொத்தைப் பார்த்துக்கொள்ள கோர்ட் ஒரு வக்கீலை நிர்வாகியாகப் போட்டது. அவர் வந்து கடையைப் பூட்டி, அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார். எனக்கு உயிரே போய்விட்டது. மச்சானுக்கு முன்னால் சர்க்கார் பறித்துக்கொண்டது என்றுதான் நினைத்தேன். தம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

போதாததற்கு, மச்சானின் மனைவியே ரகசியமாக ஆள் விட்டுச் சொன்னாள். "வெள்ளிக்கிழமை லாரில சரக்கோட வராரு. பூட்ட ஒடச்சி உள்ள உக்காந்துட்டா யாரும் கெளப்ப முடியாதுன்னு சொல்லிக்கினு இருக்காரு. உஷாரா இருங்க."

தம்பிக்குத் தகவல் அனுப்புவதற்குள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கிவிட்டது. மரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை. முசல்லா விரிப்பில் விழுந்து அழுதேன். யா அல்லாஹ், ரோட்டைத் திறந்துவிடு, என் தம்பி வந்து சேரட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் இதே துஆதான். ரோடு திறக்கவில்லை. அல்லாஹ்வும் எங்களைக் கைவிட்டுவிட்டான் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அஸ்தஃபிருல்லாஹ்!

வெள்ளிக்கிழமையும் வந்தது. லாரிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வந்தது அந்த நிர்வாகி, நடந்தே. வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"பஸ் இல்ல, கோர்ட்டுக்குப் போவ முடியலம்மா. சும்மா உக்காந்துக்கினு இருக்கறதுக்கு உங்க கடை சரக்கையாவது கணக்கெடுக்கலாம்னு வந்தேன். நீங்க வெளிய வர வேணாம். தெரைக்குப் பின்னாலேந்தே சொல்லுங்க."

இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆணோடு பேசலாமா என்று முதலில் தயங்கினேன். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். மச்சானின் லாரி விஷயம் முழுவதையும் கொட்டிவிட்டேன்.

"ரோடெல்லாம் மரம் கெடக்குது. லாரி எப்படிம்மா வரும்?" என்று சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பியைத் தடுத்த மரங்கள்தான் மச்சானையும் தடுத்திருக்கின்றன! இந்தப் புத்திகெட்டவள் அதைத் திறக்கச் சொல்லியல்லவா அழுதுகொண்டிருந்தேன்!

அவர் மேலும் சொன்னார். "பூட்டு உங்களுக்கு எதிரா போட்டது இல்லம்மா. பங்கு பிரிக்கற வரைக்கும் கடை கோர்ட்டு பொறுப்பு. நான் காவலு. யாரு தொட்டாலும் கோர்ட்டுக்குப் பதில் சொல்லணும்."

அன்றைக்குத்தான் பல நாட்களுக்குப் பிறகு சோறு இறங்கியது. அவர் சரக்கைக் கணக்கெடுத்தார், போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தார். மறியல் முடிந்து லாரி வந்தபோது கடை வாசலில் நிர்வாகியும் ஒரு போலீஸ்காரரும் நின்றிருந்தார்கள். மச்சான் லாரியை விட்டு இறங்கவே இல்லை.

பிறகு கோர்ட் ஷரீஅத்படி பங்கு வைத்தது. எட்டில் ஒன்று எனக்கு, மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு, மீதி மச்சானுக்கு. ஊர்க்கோடிக் கிடங்கு அவருக்குப் போனது. கடையும் வீடும் எங்களுக்கு நின்றன. அவரையும் யாரும் ஏமாற்றவில்லை. இப்போது பெருநாளுக்கு வந்து பிரியாணியில் உப்பு ஜாஸ்தி என்று குறை சொல்லிவிட்டுப் போகிறார்.

இத்தா முடிந்ததும் கல்லாவில் நானே உட்கார்ந்தேன். எந்த வக்துத் தொழுகையையும் தவறவிடுவதில்லை. எந்த மதத்துக்காரரோ, எங்களுக்காகக் காவல் நின்ற அந்த வக்கீலுக்கும் துஆ செய்கிறேன்.

கேளுங்கள் சகோதரிகளே, அழுது கேளுங்கள். கேட்டபடி நடக்கவில்லையே என்று மட்டும் அவனோடு சண்டைக்குப் போகாதீர்கள். நான் கேட்டபடி அவன் ரோட்டைத் திறந்திருந்தால், என் பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பார்கள்.