எக்ஸிபிஷனில் என் மகளைத் தர மறுத்தவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் ஒரு தசரா சமயம் நடந்தது இது. அன்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீடு அக்ரஹாரத்தில், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் இருந்தது. நான் ரயில்வே ஒர்க் ஷாப்பில் குமாஸ்தா. வீட்டில் கொலு வைத்திருந்தோம். சாயங்காலம் பெண்கள் வரத் தொடங்கிவிடுவார்கள், சுண்டலுக்குக் கடலை இன்னும் வேகவில்லை. மூன்று வயது நிரம்பாத எங்கள் மகளோ, படியிலிருந்து செட்டியார் பொம்மையை எடுத்து வாளித் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். "இவளை எங்கேயாவது கூட்டிட்டுப் போங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் என் மனைவி. உடை மாற்றி, தலை வாரி, பூ வைத்து, பொட்டிட்டு, குழந்தையை என் கையில் ஒப்படைத்தாள். நானும் வாங்கிக்கொண்டேன். பார்த்து வாங்கிக்கொண்டேனா என்பதுதான் கதை.

ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து எக்ஸிபிஷனுக்குக் கூட்டிப் போனேன். உள்ளே நுழைந்ததும் அவள் கண்ணில் பட்டது டெல்லி அப்பளம். முறம் மாதிரி அகலமாக, மிளகாய்த்தூள் தூவிக் கொடுப்பார்களே, அது. அதை ஒரு கையால் வாங்க முடியாது. அவளைக் கீழே இறக்கிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினேன். பக்கத்தில் ஒர்க் ஷாப் நண்பர் ஒருவர் நின்றிருந்தார். இந்தத் தடவை போனஸ் எப்போது வரும் என்று ஒரு வார்த்தை கேட்டார். நான் ஒரு வார்த்தையில் நிறுத்துகிற ஆள் இல்லை. யூனியன் செய்த தப்பையெல்லாம் விலாவாரியாக விளக்கிவிட்டு, அப்பளத்தில் ஒரு துண்டை ஒடித்துக் கீழே நீட்டினேன். வாங்க ஆள் இல்லை.

ராட்டினத்துக்கு ஓடினேன். பொம்மைக் கடைக்கு ஓடினேன். மீன் தொட்டிகள் வைத்திருந்த கொட்டகைக்குள் போய், அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நண்பரும் ஒரு பக்கம் தேடினார். கையிலிருந்த அப்பளம் யார் மீதோ மோதி நொறுங்கியது, அவர் திட்டியதுகூடக் காதில் ஏறவில்லை. கூட்டத்தில் எல்லாருடைய முழங்காலையும் பார்த்துக்கொண்டே ஓடினேன். அந்த உயரத்தில்தானே அவள் இருப்பாள்.

எவ்வளவு நேரம் ஓடினேனோ தெரியாது. மைக்கில் அறிவிப்பு வந்தது. ஒரு குழந்தை கிடைத்திருக்கிறது, பெற்றோர் மெயின் கேட் பக்கத்தில் இருக்கும் போலீஸ் டென்ட்டுக்கு வரவும் என்று கன்னடத்தில் சொன்னார்கள். ஆணா பெண்ணா, என்ன வயசு, என்ன உடுப்பு, ஒன்றும் சொல்லவில்லை. இது என்ன லட்சணமான அறிவிப்பு என்று திட்டிக்கொண்டேதான் ஓடினேன்.

டென்ட்டில் நுழைந்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அங்கே ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எனக்கு நன்றாகத் தெரிந்த அக்கா. எங்கள் பகுதி ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள். வாரம் தவறாமல் எங்கள் தெருக்களில் நடந்தே வருவார். பூக்காரர், பால்காரர், கோயில் குருக்கள், எல்லாரிடமும் நின்று பேசுவார். எங்கள் தெருவில்தான் தமிழ் கற்றுக்கொண்டார், பாதி கன்னடம் கலந்த தமிழ். என் சைக்கிள் திருட்டுப்போனபோது தேடிக் கொடுத்தவரும் அவர்தான். அன்றிலிருந்து, போலீஸில் நமக்குத் தெரிந்தவர் இருக்கிறார் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எனக்கு அப்படி ஒரு புத்தி உண்டு. எங்கே போனாலும் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

"அக்கா, என் பொண்ணு! உள்ளேதானே இருக்கா?" என்று திரையைப் பார்த்து ஓடினேன். டென்ட்டின் பின்பாதியைத் துணித்திரை போட்டு மறைத்திருந்தார்கள்.

திரைக்கு முன்னால் மேஜை. மேஜைக்குப் பின்னால் நின்ற இளம் கான்ஸ்டபிள் சட்டென்று குறுக்கே வந்துவிட்டான். காக்கிச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையாத புதுப் பையன். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் எழுந்திருக்கவே இல்லை.

"இவர்கிட்ட சொல்லி, சாரே" என்று பையனைக் கை காட்டினார். கன்னடத்தில் மரியாதையாகக் கேட்டுக்கொள்வது போலவே தமிழிலும் "சொல்லி" என்பார்.

பையன் என் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழிலேயே ஆரம்பித்தான். "குழந்தை பொண்ணுங்களா, பையனுங்களா?"

பெண் என்றேன். பெயரையும் சொன்னேன்.

"பேரு கேட்டா பாப்பான்னுதானுங்க சொல்லுது. எல்லாக் குழந்தையும் அதைத்தானுங்க சொல்லும். என்ன கலர் கவுன் போட்டிருக்குதுங்க?"

நான் வாயைத் திறந்தேன். வீட்டிலிருந்து கிளம்பி, ஸ்கூட்டரில் என் நெஞ்சோடு ஒட்டி நின்று வந்த குழந்தை என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. சிவப்பு என்றேன். பையன் முகத்தில் அசைவில்லை. இல்லை, மஞ்சள் என்றேன். வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், "ஏலம் விடறாரோ?" என்று சிரித்தார்.

கழுத்தில் சங்கிலி உண்டா என்றான். இருக்கும் என்றேன். ஒற்றைப் பின்னலா, இரட்டையா என்றான். முழித்தேன். பர்ஸில் போட்டோ இருப்பது ஞாபகம் வந்து, வெற்றி வீரன் மாதிரி எடுத்து நீட்டினேன். மொட்டைத் தலையோடு குப்புறக் கவிழ்ந்து கிடக்கும் கைக்குழந்தைப் படம். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாதுங்களே" என்று திருப்பிக் கொடுத்தான்.

"திரையைத் தூக்குப்பா. அவளே என்னைப் பார்த்து அப்பான்னு ஓடி வருவா."

"தூங்குதுங்க. எழுப்பினா, அழுதுட்டு யார் கை நீட்டினாலும் தாவிருமுங்க. கொண்டாந்து விட்ட பலூன்காரரையே அப்பான்னுதானுங்க கூப்பிட்டுச்சு."

அவன் பேச்சில் கொள்ளேகால், ஹனூர்ப் பக்கத்து எல்லையோரத் தமிழ் வாசனை அடித்தது. என் புத்தி உடனே வேலை செய்தது. "தம்பி, ஹனூர்ப் பக்கமா? மார்டள்ளியா? நம்ம ஆளுதான் நீ" என்று தோளைத் தொட்டேன்.

"ஹனூர்தானுங்க. அதுக்கும் இதுக்கும் என்னங்க?" என்றான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் மத்திய அரசு ஊழியன், ஒர்க் ஷாப்பில் என்னைத் தெரியாதவர் கிடையாது, இந்த அக்காவைக் கேள், என் சைக்கிளையே கண்டுபிடித்துக் கொடுத்தவர் என்றெல்லாம் கத்தினேன். பையன் அக்காவைப் பார்த்தான். அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அக்கா மடியிலிருந்த பொட்டலத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் போதும், என் குழந்தை என் தோளில் இருந்திருப்பாள். அவர் அசைக்கவில்லை. கடலைத் தோலை ஊதிவிட்டு, "அவன்தானே டியூட்டியில இருக்கான். அவன் கேக்கறதுக்குச் சொல்லி" என்றார்.

பையன் என் பக்கம் திரும்பினான். "நீங்க போயி குழந்தையோட அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்க. அதுவரைக்கும் நாங்க பத்திரமா வெச்சிருக்கோமுங்க."

கொலுவுக்கு வந்த பெண்கள் நடுவில் போய் நின்று, குழந்தையைத் தொலைத்துவிட்டேன், கிடைத்திருக்கிறாளா என்பதும் சரியாகத் தெரியாது, நீ வந்து பார்த்துச் சொல் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? அதைவிடப் பெரிய பயம் அப்போதுதான் வந்தது. திரைக்குப் பின்னால் இருப்பது என் மகளே இல்லை என்றால்? இங்கே நான் வாதாடிக்கொண்டிருக்கும்போது அவள் வேறெங்கோ தனியாக அழுதுகொண்டிருந்தால்? மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

அழுகைக்கு நடுவில், யாரிடம் கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டேன். "எப்படித் தூங்கினா? காதைப் பிடிக்காம தூங்க மாட்டாளே. யார் காதைப் பிடிச்சுட்டுத் தூங்கினா?"

பையனின் கை அவனை அறியாமல் தன் காதுக்குப் போனது. அப்போதுதான் பார்த்தேன், அவனுக்கு ஒரு காது மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது.

"எந்தக் காதுங்க?" என்றான். குரல் மாறியிருந்தது.

"இடது காது. ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு உருட்டுவா. நாம தலையைத் திருப்பினா, தூக்கத்துலயே ம்ம்னு அதட்டுவா."

அவன் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் நன்றாகக் கவனித்தேன். நேராகத் திரையை விலக்கி, "வாங்கண்ணா" என்றான்.

மடித்துப் போட்ட கம்பளியின் மேல் என் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பச்சைக் கவுன். இரட்டைப் பின்னல். கழுத்தில் சங்கிலி இல்லை, பாசிமணி. காதைத் தவிர நான் சொன்னதில் ஒன்றுகூடச் சரியில்லை. தூக்கித் தோளில் போட்டதும், கண்ணைத் திறக்காமலே அவள் கை என் முகத்தைத் தடவி, இடது காதைத் தேடிப் பிடித்துக்கொண்டது. எனக்கு மறுபடி அழுகை வந்தது. பையனும் மூக்கை உறிஞ்சினான், ஜலதோஷம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்பது போல வேறு பக்கம் திரும்பி.

கையெழுத்துப் போட்டுவிட்டு, அக்காவிடம் விறைப்பாகவே கேட்டேன். "என்னைத் தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?"

"உங்களைத் தெரியும் சாரே. பாப்பாவை எனக்குத் தெரியாதே? தெருவுல என்கிட்ட நல்லா பேசறவங்க எல்லாரும் வீட்டுக்குள்ளே எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்? மைக்குல விவரம் சொல்ல பேடா, வேண்டாம்னு நான்தான் சொன்னேன். சொன்னா, அதையே கேட்டுட்டு யார் வேணாலும் வந்து ஒப்பிப்பாங்க." பையனைக் காட்டினார். "நாளைக்கு நான் இல்லாத இடத்துல இவன்தானே உக்காரணும்? இன்னைக்கு என் முகத்தைப் பார்த்துக் குழந்தையைக் குடுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் முகத்தைப் பார்த்துக் குடுப்பான்."

பையன் கொஞ்சம் நிமிர்ந்து நின்றான். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தான் போல. அக்கா அவன் பக்கம் திரும்பி, "கேட்டதெல்லாம் சரிடா. ஆனா பெத்தவரை இவ்வளவு நேரம் நிக்க வெச்சே கேட்டியே! முதல்ல உக்கார வெக்கணும். தண்ணி குடுக்கணும். அப்புறம் கேளு, எவ்வளவு வேணும்னாலும் கேளு" என்றார். அவன் முகம் சுண்டிப்போயிற்று. என்னிடம் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா" என்றான். உரித்த கடலையில் ஒரு பிடியை அக்கா அவன் கையில் வைத்து அழுத்தினார். அவன் மென்றுகொண்டே காதைத் தேய்த்துக்கொண்டான். நான் வெளியே வரும்போது, மகனைத் தொலைத்த ஓர் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தார். திரும்பிப் பார்த்தேன். அந்தப் பையன் ஒரு கையில் ஸ்டூலும் மறு கையில் தண்ணீர் டம்ளருமாக எதிரே போய்க்கொண்டிருந்தான்.

வீட்டில் கொலுக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு மனைவியிடம் சொன்னேன். போனஸ் பேச்சைச் சுருக்கி, போலீஸ் டென்ட்டை நீட்டித்தான் சொன்னேன். எத்தனை வருஷப் பழக்கம், தெரியாத ஆள் மாதிரி உட்கார்ந்து கடலை தின்கிறாரே அந்த அக்கா, இனிமேல் நம் தெருவுக்கு வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன். என் மனைவி திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து போய்த் தூங்கும் மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவள் நெற்றியை ஒரு தடவை தடவினாள்.

"உங்களை அவ்வளவு தெரிஞ்சும் உங்ககிட்டயே குடுக்கலன்னா, வேற எவன் வந்து கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டாங்க. அப்புறம் எதுக்குங்க உங்களுக்குக் கோபம்?" என்றாள்.

மறுநாள் அவளே ஸ்டேஷனுக்குப் போய், இரண்டு பேருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து, சுண்டல் கொடுத்துவிட்டு வந்தாள். நான் கூடப் போகவில்லை. வீம்புதான், வேறென்ன. அடுத்த தடவை அக்கா எங்கள் சந்துக்கு வந்தபோது அந்தப் பையனும் கூடவே நடந்து வந்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அவர் நிற்க, அவனும் நின்று, பெரியவர்களை விசாரித்துக்கொண்டு வந்தான். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே இடது காதைக் கையால் பொத்திக்கொண்டான். என் வீம்பு அங்கேயே ஒழிந்தது.

மகள் வளர்ந்துவிட்டாள். நான் இல்லாத ஊர்களில், எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத கூட்டங்களில் தனியாகப் போய் வருகிறாள். அங்கெல்லாம் சட்டை மடிப்புக் கலையாத ஒரு புதுப் பையன் காவலுக்கு நிற்பான். அவனுக்கும் கடலை உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார அப்படி ஓர் அக்கா வாய்த்திருக்க வேண்டும் என்றுதான், அவள் வீடு திரும்பும் வரை நான் சாமியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.